வேதாளத்தின் கேள்வியும் லயத்து வீட்டின் ஆறுதலும்

மாயக்கதைகளைப் பற்றித் தமிழாசிரியர்களாகிய நம்மிடையே இரண்டு கருத்துகள் உண்டு. அவை சிறுவரை மகிழ்விப்பவை. ஆகவே கீழ்வகுப்புகளில் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது ஒன்று. அவை அறிவை மழுங்கச் செய்பவை; ஆகவே எந்த வகுப்பிலும் வேண்டா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணந்தான். அக்கதைகள் தரும் ஆறுதல் மலிவான ஆறுதல் என்பதே அது. அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கில நூலுலகில் அண்மை ஆண்டுகளில் இவ்வகைக் கதைகளுள் ஒரு பிரிவுக்குத் தனிப் பெயரே வழங்கி வருகிறது. 'இதமான மாயக்கதை' என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். உலகம் அழியப் போகிறது என்னும் அச்சமோ பெரும்போரோ அவற்றில் இரா. டிராவிஸ் பால்ட்ரீ என்பார் 2022இல் வெளியிட்ட 'லெஜெண்ட்ஸ் அண்டு லாட்டேஸ்' என்னும் நாவலில், கூலிக்கு வாளெடுத்துப் போரிட்டுச் சலித்த அரக்கர்குலப் பெண் ஒருத்தி, வாளைக் கீழே வைத்துவிட்டு ஓர் ஊரில் காப்பிக்கடை திறக்கிறாள். டி. ஜே. குளூன் எழுதி 2020இல் வெளிவந்த நாவலில், மாய ஆற்றல் உள்ள ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்தைச் சோதனையிடச் சென்ற அரசாங்க அலுவலர், அவ்வில்லத்தையே தம் வீடாகக் கொள்கிறார். வீடு, அடுப்பு, சூடான பானம், நல்ல அயலார்: இவையே இக்கதைகளின் பொருள். பெருந்தொற்றுக் காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் இவற்றை விரும்பிப் படித்தோர் மிகப் பலர்.

இதைக் கேட்டதும், "இது மேலைநாட்டார் கண்ட புதுமை" என்று நாம் எண்ணிவிடலாகாது. புதிது பெயர் மட்டுமே. பொருள் நம் வீட்டுத் திண்ணையில் நெடுநாளாக இருந்து வருவது.

இலக்கணம் இடம் தந்தது

உரைநடையின் வகைகளைச் சொல்லவந்த தொல்காப்பியர், மெய்யான பொருளில் வேர் இல்லாத 'பொய்ம்மொழி' என்பதையும் ஒரு வகையாகக் கொண்டார். யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடம் சென்று இன்னின்ன செய்தன என்பது போன்ற கதையை உரையாசிரியர் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். பொய் என்று பெயரிட்ட பிறகும் அதை இலக்கணத்துக்குப் புறம்பாகத் தள்ளவில்லை என்பது கருதத்தக்கது.

மெய்ப்பாட்டியலுக்கு வந்தால் இன்னும் தெளிவு பிறக்கும். வியப்பாகிய மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டுள்ளன. புதியது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக ஆவது: உலகத்து மாயக்கதை எதை எடுத்தாலும் இந்நான்குள் அடங்கும். அச்சத்துக்கும் நான்கு களன்கள் உள்ளன. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. பேயும் புலியும் திருடனும் எவர்க்கும் தெரிந்த அச்சங்களே. நான்காவதாக நிற்கும் 'தம் இறை', அதாவது தம்மை ஆள்பவன் என்பதே நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது. அதைப் பின்னர்க் காண்போம்.

லயத்தில் படித்த கதை

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை வெட்டி, பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் குடும்பம் எங்களுடையது. எங்கள் லயத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுள் என் தாத்தாவும் ஒருவர். அவரிடம் 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை' ஒன்று இருந்தது. அட்டை போய், முன்பக்கம் போய், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் கதை ஓடும் என்னும் நிலையில் அது இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவர் உரக்கப் படிப்பார். அக்கம்பக்கத்தார் வந்து அமர்ந்து கேட்பர். மாதம் ஒருமுறை ஈப்போவுக்குப் போய் வரும் கிராணி ஒருவர் வாயிலாக 'அம்புலிமாமா'வும் எங்களுக்குக் கிடைத்தது. பல கை மாறி வந்து சேரும்போது அது இரண்டு மூன்று மாதம் பழையதாக இருக்கும். அதனால் என்ன? வேதாளத்துக்கு மாதக் கணக்கு ஏது?

'அம்புலிமாமா' 1947ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றியது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் அதைத் தொடங்கினர். 'பாதாள பைரவி' (1951), 'மாயா பஜார்' (1957) ஆகிய திரைப்படங்களைத் தந்த விஜயா நிறுவனத்தாரும் இவர்களே. மாயத்தை இதமாகச் சமைத்துப் பரிமாறும் கலையில் இவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டா. தெலுங்கு மூல இதழை 1952 முதல் பல்லாண்டு நடத்தியவர் எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ். ஒரு கையில் உருவிய வாளும் தோளில் பிணமுமாகச் சுடுகாட்டு வழியே அரசன் நடக்கும் அந்தப் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர் (1924-2020). இன்று 40 வயதைக் கடந்த தமிழருள் அப்படத்தை மறந்தவர் அரியர்.

அதே 1947ஆம் ஆண்டில்தான் ஆங்கிலப் பேராசிரியர் டோல்கியன், மாயக்கதைகளைப் பற்றி 1939இல் ஸ்காட்லாந்தில் ஆற்றிய சொற்பொழிவு விரிந்த கட்டுரையாக அச்சேறியது. கதைக்குள் தப்பி ஓடுவது கோழைத்தனம் என்போருக்கு அவர் ஒரு விடை சொன்னார். சிறையில் கிடப்பவன் வீட்டை நினைத்துத் தப்புவது வேறு, போர்க்களத்தில் நிற்க வேண்டியவன் புறமுதுகிட்டு ஓடுவது வேறு. இரண்டையும் ஒரே பெயரால் இகழாதீர் என்பது அவர் வாதத்தின் சாரம். நல்ல வாதந்தான். ஆயினும் அது நம் லயத்து வாசகனுக்கு முழுதும் பொருந்துமா? அவன் தப்பவில்லையே! விடிந்தால் பெரட்டுக்குப் போகத்தானே வேண்டும்? தப்ப வழியில்லாதவனுக்குக் கதை தந்தது யாது என்பதே நமது வினா.

ஆறுதல் எங்கே இருக்கிறது?

வேதாளக் கதையின் கட்டுக்கோப்பை நினைவுகூர்வோம். துறவி ஒருவனுக்கு வாக்குக் கொடுத்த அரசன், முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவரச் செல்கிறான். வழியில் பேசலாகாது. பிணத்துள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரமேறிவிடும். அரசன் மறுபடியும் மரத்துக்குத் திரும்புவான்.

இதில் இதமானது என்ன? சுடுகாடு, பிணம், நள்ளிரவு! காப்பிக்கடை எங்கே, இது எங்கே? இருந்தும் எங்கள் லயத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாக உறங்கினோம். காரணம் மூன்று என எனக்குப் படுகிறது.

முதலாவது, அரசன் திரும்புவான் என்னும் உறுதி. எத்தனை முறை தோற்றாலும் அவன் மரத்தடிக்கு வருவான், பிணத்தைத் தோளில் போடுவான், நடப்பான். நேற்று வெட்டிய மரத்தையே இன்றும் வெட்டி, நேற்றுக் கவிழ்த்த மங்கையே இன்றும் நிமிர்த்திப் பால் எடுத்தவர்களுக்கு, ஒரே வேலையை நாள்தோறும் செய்வது இழிவன்று, அரசனும் அதைத்தான் செய்கிறான் என்பது சிறிய ஆறுதலா?

இரண்டாவது, வழித்துணை. ஆங்கிலக் கதையின் இதம் வீட்டில் இருக்கிறது. நம் கதையின் இதமோ வழிநடையில் இருக்கிறது. இருட்டில் தனியே நடப்பவனுக்குக் கதை சொல்ல ஒரு வேதாளமாவது கூட வருகிறது. வீடு என்பது தோட்டத்து நிர்வாகத்துக்குச் சொந்தமாக இருந்த மக்கள், வீட்டைவிட வழித்துணையையே நம்பினர் என்பதில் வியப்பில்லை. இருள் பிரியாத வேளையில் நிரைக்கு நடக்கையில் என் அம்மாவும் அவர் தோழியரும் பேசிக்கொண்டு போன கதைகளையும் இக்கணக்கிலேயே சேர்க்கிறேன்.

மூன்றாவதே தலையாயது. இங்குதான் தொல்காப்பியர் சொன்ன நான்காம் அச்சத்துக்கு வருகிறோம். வேதாளக் கதையில் கேள்வி கேட்பது பிணம். விடை சொல்லக் கடமைப்பட்டவன் அரசன். தெரிந்தும் வாய்மூடி இருந்தால் தலை தப்பாது. துரையை நிமிர்ந்து பார்த்துக் 'கூலி ஏன் குறைந்தது?' என்று கேட்கத் துணியாத ஒரு காலத்தில், ஆள்பவன் பதில் சொல்லியே தீரவேண்டிய ஓர் உலகம் அந்த எண்ணெய் விளக்கின் முன் ஒவ்வோர் இரவும் விரிந்தது. அணங்கும் விலங்கும் கள்வரும் அக்கதைகளில் அடங்கிப் போவதைவிட, 'இறை' என்பவன் நியாயத்துக்குக் கட்டுப்படுவதே கேட்டவர் நெஞ்சைக் குளிர்வித்தது என்பது என் துணிபு.

மறுப்பும் அதன் வலிமையும்

இதற்கு எதிர்வழக்கு வலியது. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது ஈப்போவிலும் சீர்திருத்தக் கருத்துகள் முழங்கின. கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' அக்கருத்துகளைத் தோட்டந்தோறும் கொண்டுசென்றது. பேயும் வரமும் நிறைந்த கதைகள் உழைப்பாளியை உறங்க வைக்கும் என்றும், அவனுக்கு வேண்டுவது கல்வியும் சங்கமும் சிக்கனமுமே என்றும் அந்த மரபில் வந்தோர் கூறினர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு வாய்த்த விரிவுரையாளர் ஒருவரும் இக்கருத்தினரே. "பசித்தவனுக்குக் கதை சொன்னால் பசி மறக்கும், தீராது" என்பார். அதை நான் மறுக்கமாட்டேன். கதை கேட்டுக் கூலி உயர்ந்ததில்லை.

ஆனால் கதை கேட்டவரெல்லாம் உறங்கினார்களா? இங்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

வேதாளக் கதைகளுள் வீரவரன் கதை என ஒன்று உண்டு. அரசனிடம் நாள்தோறும் பெரும்பொன் கூலியாகப் பெறும் காவலன் வீரவரன். அரசன் உயிர் பிழைக்க வேண்டுமானால் வீரவரன் தன் மகனைத் தேவிக்குப் பலியிட வேண்டும் என்னும் நிலை வருகிறது. மகனும் இசைகிறான். மகன் மாள, மகளும் மனைவியும் உயிர் துறக்க, வீரவரனும் தன்னைப் பலியிட்டுக்கொள்கிறான். மறைந்து நின்று கண்ட அரசன் தானும் உயிர்விடத் துணிய, தேவி தோன்றி அனைவரையும் எழுப்புகிறாள். இவர்களுள் உயர்ந்தவர் யார் என்பது வேதாளத்தின் கேள்வி. அரசனே உயர்ந்தவன் என்பது விக்கிரமாதித்தன் தந்த விடை. தலைவனுக்காக உயிர் விடுவது ஊழியனின் கடமை. ஊழியனுக்காக உயிர்விடத் துணிந்தவனே அரியவன் என்பது அவன் சொன்ன காரணம்.

தாத்தா இதைப் படித்து முடித்த இரவு, அடுப்படியில் இருந்த என் பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பையன யாரு கேட்டா?" என்றார்.

"அவனும் சரின்னுதானே சொன்னான்" என்றார் தாத்தா.

"சின்னப் புள்ள. அப்பன் கேட்டா சரின்னுதான் சொல்லும். அம்மன் வந்து உசுரு குடுத்தாளாம். சயாமுல எந்த அம்மன் வந்தா?"

ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத அண்ணன் ஒருவர் பாட்டிக்கு இருந்தார். அன்றிரவு வேறு கதை படிக்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி அன்று செய்தது யாது? அரசனின் தீர்ப்பை மறுத்தார். கடமை என்னும் சொல்லுக்குள் ஒளிந்திருந்த அநீதியை வெளியே இழுத்துப் போட்டார். இதைவிடச் சிறந்த திறனாய்வை நான் எந்தக் கல்லூரியிலும் கேட்டதில்லை. அதற்கு இடம் தந்தது அந்தப் 'பொய்ம்மொழி'தான். கேள்வியோடு முடியும் கதை, கேட்பவரையும் நடுவராக்கிவிடுகிறது. ஆகவே மாயக்கதை அனைத்தும் உறக்க மருந்து என்னும் கூற்று இங்கே நிற்காது. உறங்க வைக்கும் கதையும் உண்டு, உறக்கத்தினூடே ஒரு கேள்வியை விட்டுச் செல்லும் கதையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வாளன் கடமை.

'அம்புலிமாமா'வின் குறை

இவ்வளவு கூறியபின், நான் விரும்பிப் படித்த இதழின் குறையையும் சொல்லாமல் விட்டால் நடுநிலை ஆகாது.

பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் தொகுத்த 'கதாசரித்சாகர'த்தில் இவ்வேதாளக் கதைகள் உள்ளன. அங்கே கதைத்தொடருக்கு ஒரு முடிவு உண்டு. கடைசிக் கதையில் ஒரு தந்தையும் மகனும் வருகின்றனர். தந்தை இளையவளான மகளையும், மகன் அவள் தாயையும் மணந்துகொள்கின்றனர். இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. அரசனுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். அந்த மௌனமே அவனைக் காக்கிறது. வேதாளம் மனமிரங்கி, அவனை ஏவிய துறவி அவனையே பலியிட இருப்பதைச் சொல்லித் தப்பும் வழியையும் காட்டுகிறது. எல்லாம் தெரிந்தவனாக இருக்கும்வரை அரசன் ஒரே வழியில் சுற்றுகிறான். தெரியவில்லை என்னும் இடத்தில்தான் வழி திறக்கிறது. ஆழமான முடிவு இது.

'அம்புலிமாமா'வின் வேதாளமோ மூலத்துக் கதைகள் தீர்ந்தபின்பும் புதுப்புதுக் கதைகளோடு பல்லாண்டு மரமேறிக்கொண்டே இருந்தது. அரசன் ஒரு மாதமும் விடை தெரியாமல் நின்றதில்லை. மாத இதழின் தேவை அது என்பதை உணர்கிறேன். அந்த முடிவின்மையே எங்களுக்கு இதமாக இருந்ததும் உண்மை. ஆயினும் ஆறுதல் என்பது வட்டமாகிவிட்டால், வழி திறக்கும் இடத்துக்கு வாசகன் வந்து சேர்வதே இல்லை. விடை எப்போதும் அரசனிடமே இருக்கும் என்னும் பழக்கம் மனத்தில் ஊறிவிடும். இதை நான் உணர்ந்தது என் மாணவி ஒருத்தியால். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு வேதாளக் கதையைப் படித்துக் காட்டியபோது, "ஐயா, ராஜாவுக்கு ஒருநாள் பதில் தெரியலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள். இளமை முழுதும் அக்கதைகளைப் படித்த எனக்கு அக்கேள்வி தோன்றியதே இல்லை! அதன் பிறகே மூலக்கதையின் முடிவைத் தேடிப் படித்தேன்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

எங்கள் தோட்டத்தில் இன்று ரப்பர் மரம் இல்லை. ஒரு பகுதி செம்பனை. ஒரு பகுதி வீடமைப்பு. லயம் இருந்த இடத்தை அடையாளம் சொல்ல ஒரு மாமரம் நிற்கிறது. 'அம்புலிமாமா'வும் 2010களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. தோட்டத்தின் பெயரைத் தாங்கிப் பள்ளி மட்டும் நிற்கிறது. இத்தகைய பள்ளிகள் பேராக் மாநிலத்தில் இன்னும் பல உள்ளன. அவற்றில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் உரக்கக் கதை படிக்கும் தாத்தாக்கள் அருகிவிட்டனர். அவ்விடம் நம்முடையதாகிவிட்டது.

நாமோ என்ன செய்கிறோம்? பிள்ளை ஒரு கதைநூலைப் படித்து முடித்ததும் நிலாம் குறிப்பேட்டை நீட்டுகிறோம். நூலின் பெயர், பக்கம், சுருக்கம், படிப்பினை எழுது என்கிறோம். வீரவரன் கதைக்குப் 'படிப்பினை: விசுவாசம் வேண்டும்' என்று எழுதினால் சரி போடுகிறோம். என் பாட்டி அக்குறிப்பேட்டில் எழுதியிருந்தால் மதிப்பெண் பெற்றிருப்பாரா? கதை தரும் இன்பத்தையும் கெடுத்து, அது எழுப்பும் கேள்வியையும் அடைத்துவிடும் வழக்கம் இது. நானும் பல ஆண்டு இதைச் செய்தவனே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாரத்தில் ஒரு பாடவேளையாவது கதையை உரக்கப் படிப்போம். கேள்வி வரும் இடத்தில் நூலை மூடிவிடுவோம். அரசன் விடை சொல்லுமுன் பிள்ளைகள் சொல்லட்டும். சொன்னபின் அரசனோடு வாதாடட்டும். படிப்பினைக் கட்டம் அன்று வெறுமையாகவே இருக்கட்டும்.

விக்கிரமாதித்தனுக்கு ஆயிரம் ஆண்டு அரியணை வரம் கிடைத்தது; அவன் அமைச்சன் பட்டியோ இரண்டாயிரம் ஆண்டு வாழ்நாள் பெற்றுவந்தான். அரியணையில் ஆறு மாதம், காட்டில் ஆறு மாதம் என்று கழித்தால் அரசனின் ஆயிரமும் இரண்டாயிரமாகும் என்று பட்டி ஒரு கணக்குச் சொன்னான் என்பது நம்மவர் சொல்லிவரும் கதை. 'நாடாறு மாதம், காடாறு மாதம்' என்னும் வழக்கு அதிலிருந்து வந்ததே. காட்டுக்குப் போனவன் நாட்டை மறந்தவன் அல்லன். நாட்டில் இருக்கும் காலத்தை நீட்டிக்கொள்ளவே போனான். நல்ல மாயக்கதைக்குள் போய்வரும் பிள்ளையும் அப்படியே. போகும்போது இருந்த அச்சம் திரும்பும்போது சற்றுக் குறைந்திருக்கும். போகும்போது இல்லாத ஒரு கேள்வி திரும்பும்போது கையில் இருக்கும். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ள வகுப்பறை வாயிலில் நாம் நிற்போமாக.